தெரிந்தே ஒழுகவிட்ட வால்வு

பல் டாக்டர் நாற்காலி பழுது பார்க்கிறவளுக்குச் சத்தம் என்றாலே ஆகாது. எங்கே ‘கிர்’ரென்று கேட்டாலும் கை அரிக்கும். திருப்புளியை எடுத்து அதன் வாயை அடைத்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். அண்ணிக்கு இருபத்திரண்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. மல்லாந்து படுத்து வாயைப் பிளந்துகொண்டிருப்பவர்களுக்கு வலியைவிடச் சத்தம்தான் பயம் என்பாள். எச்சில் உறிஞ்சும் குழாய் கொரகொரவென்று இழுத்தால் பாதிப் பேர் எழுந்து ஓடிவிடுவார்கள். அதனால் டாக்டர்கள் இவளுக்குப் போன் போட்டு, நலம்கூட விசாரிக்காமல், போனை அப்படியே இயந்திரத்தின் பக்கத்தில் பிடிப்பார்கள். "மூணாவது வால்வுல வாஷர் போயிடுச்சு டாக்டர். கை வைக்காதீங்க, நான் வரேன்" என்பாள் இவள். கை வைத்தவர்கள் பட்டிருக்கிறார்கள்.

கட்டிக்கொண்டவரோ நூலகர். பிறந்ததிலிருந்தே குசுகுசுவென்றுதான் பேசுவார். கேட்க வேண்டுமா, அந்த வீட்டில் கதவு கிறீச்சிடாது, குளிர்சாதனப் பெட்டி முனகாது, குழாய் சொட்டாது. அடுத்த வீட்டுக்காரர்கள், இவர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு தடவை கூரியரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த வீட்டுக்குள் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு புயல் வரும். நூலகரின் தங்கை, அண்ணிக்கு நாத்தனார். வயது நாற்பத்திரண்டு. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். பஸ்ஸுக்குள் கடைசி சீட்டு வரைக்கும் கேட்க வேண்டும் என்று பேசிப் பேசிப் பழகியதில், ‘தண்ணி குடுங்க’ என்று கேட்டாலும் தெருமுனையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். இவள் வந்துவிட்டுப் போனால் வீடு அரை மணி நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் அண்ணிக்கு உலகத்தில் ஆகாத சத்தங்களில் இது ஒன்று மட்டும் சேர்த்தி இல்லை. அவள் வராத ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகவே இராது.

நாத்தனாருக்கு முப்பத்தெட்டு வயதில் ஒரு கிறுக்குப் பிடித்தது. நீந்திவிட்டு, ஈரம் காயுமுன் சைக்கிளில் ஏறித் தொண்ணூறு கிலோமீட்டர் மிதித்துவிட்டு, இறங்கிய காலோடு இருபத்தோரு கிலோமீட்டர் ஓட வேண்டும். மூன்றையும் ஒரே மூச்சில் முடித்தால் கழுத்தில் ஒரு பதக்கம் போடுவார்கள். "அந்தப் பதக்கத்த நான் கடையில வாங்கித் தரேன், உக்காரு" என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடுப்பை வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் நீந்தி, வேலை முடிந்து மிதித்து, இரண்டு சின்னப் போட்டிகளை முடித்தும் காட்டினாள். பிறகு இதற்கென்றே செய்த சைக்கிள் ஒன்றையும் வாங்கினாள்.

அந்தச் சைக்கிளின் உடம்புக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி உண்டு. முன்சக்கரத்துக்கு மேலிருந்து பெடலை நோக்கிச் சாய்ந்து இறங்கும் பருமனான தண்டுக்குள், ஒன்றரை லிட்டர் பிடிக்கும் நீளமான பிளாஸ்டிக் பெட்டி. மேலே மூடி, மூடியில் காற்றுப் போக ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய குழாய் ஒன்று கைப்பிடிக்கு நடுவே எழுந்து வாய்க்கு நேராக நிற்கும். குனிந்து மிதிக்கிறவள் தலையைத் தூக்காமல், கையை எடுக்காமல் உறிஞ்சலாம். கம்பெனிக்காரன் படம் போட்டு விற்றது இதைத்தான்.

வாங்கிய புதிதில், போன வருஷப் பெரிய போட்டி நெருங்கிய சமயம், நாத்தனார் அதைத் தள்ளிக்கொண்டு வந்து அண்ணி முன்னால் நிறுத்தினாள். "அண்ணி, உறிஞ்சினா ரெண்டு மூணு இழுப்புக்கு வெறும் காத்துதான் வருது. கொஞ்சம் பாருங்களேன்."

அண்ணி பார்க்கவில்லை. அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. உத்தரவாதக் காலம் முடியாத எதையும் திறக்க மாட்டாள். தலைகீழாக நின்றாலும் திறக்க மாட்டாள். "கம்பெனிக்காரன் யோசிக்காமலா வெச்சிருப்பான்? பழகிடும், போ" என்று அனுப்பிவிட்டாள்.

போன வருஷம் போட்டியில், எழுபதாவது கிலோமீட்டர் ஏற்றத்தில் நாத்தனார் சைக்கிளோடு சாய்ந்தாள். ஏறும்போது மூச்சே போதாத நிலையில், காற்றை உறிஞ்சுவதற்கு மூன்று மூச்சைச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்? அப்புறம் குடிக்கலாம், அப்புறம் குடிக்கலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறாள். அவளைத் தூக்கி மடக்கு நாற்காலியில் உட்கார வைத்த மருத்துவப் பையனைப் பார்த்து, "இது எந்த ஸ்டாப்பு?" என்று கேட்டாளாம். சைக்கிளில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. தகவல் வந்து அண்ணனும் அண்ணியும் போய்ச் சேர்ந்தபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கப் படுத்திருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் சிரித்தாள். பாரு என்று கேட்டும் பார்க்கவில்லையே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணிக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும். சொல்லாதது ஒரு வருஷமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்று இந்த வருஷம் நாத்தனார் வந்து நின்றாள். "முடிக்க முடியலன்னா சைக்கிள வித்துடறேன். நானே என்னை நம்பலன்னா அதுல ஏறி உக்கார்றதுல அர்த்தமில்ல."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். "சைக்கிள இங்க விட்டுட்டுப் போ."

"உத்தரவாதம் இன்னும் ஆறு மாசம் இருக்கே அண்ணி."

"இருந்தா இருக்கட்டும்."

கூடத்தில் சோபாவை ஓரம் தள்ளி, பழைய விரிப்பைப் போட்டு, அதன்மேல் சைக்கிள் ஏறியது. தொட்டியை வெளியே உருவிப் பார்த்த மாத்திரத்தில் அண்ணிக்கு ரத்தம் கொதித்தது. காற்றுத் துளையில் சர்க்கரையும் உப்பும் கலந்த பானம் காய்ந்து ஒட்டியிருந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் தண்ணீர் எப்படி வெளியே வரும்? குழாயின் அடி நுனி தொட்டியின் அடியைத் தொடாமல் நாலு விரல் மேலே மிதந்தது. அந்தக் கடைசித் தம்ளர் தண்ணீர் எந்த ஜென்மத்திலும் வாய்க்கு வராது. எல்லாவற்றையும்விட மோசம், ஒவ்வொரு தடவையும் குடித்து முடித்தவுடன் குழாயில் நிற்கும் தண்ணீர் முழுக்கக் கீழே இறங்கிவிடும். மறுபடி குடிக்க, அடியிலிருந்து இழுத்தாக வேண்டும்.

இதெல்லாம் அண்ணிக்குத் தண்ணி பட்ட பாடு. எச்சில் உறிஞ்சும் குழாயின் நுனியை யாராவது கவனித்திருந்தால் தெரியும்: பக்கவாட்டில் கீறல்கள் இருக்கும். கன்னம் ஒட்டிக்கொண்டு அடைபடாமல் இருக்க அந்த ஏற்பாடு. அப்படி ஒரு நுனியைக் குழாயின் அடியில் மாட்டி, தொட்டியின் அடிப்பகுதியில் படிந்து கிடக்கும்படி சின்னக் கனமும் சேர்த்தாள். மூடித் துளையை அகலமாக்கி மேலே மெல்லிய வலை வைத்தாள். அப்புறம் அவள் தொழிலின் உயிர்நாடி: ஒருவழி வால்வு. பல் நாற்காலியில் ஒரு நோயாளியின் வாயிலிருந்து எதுவும் குழாய்க்குள் திரும்பிப் போகக் கூடாது. அடுத்தவர் வாய்க்கு அது வந்துவிடும். அதற்காக ஒவ்வொரு குழாயிலும் ஒரு வால்வு உண்டு. போனது போனதுதான், திரும்ப வழி கிடையாது. அதே ரப்பர் வால்வைக் குழாயின் அடியில் பொருத்தினாள். ஏறின தண்ணீர் இனி இறங்காது. குழாய் எப்போதும் உதடு வரை நிறைந்து நிற்கும்.

நாத்தனார் வந்து வாயை வைத்து லேசாக இழுத்தாள். அடுத்த கணம் தண்ணீர். சத்தமில்லை, காற்றில்லை. அவள் கண் விரிந்தது. "அண்ணி! என்ன அண்ணி இது, நினைக்கறதுக்குள்ள வருது!" தெருவே கேட்கும்படி கத்தினாள். அண்ணனைப் பிடித்து இழுத்து அவரையும் உறிஞ்ச வைத்தாள். அவர், "அருமை" என்றார், அவரளவில் அது கூச்சல். நாத்தனார் அண்ணியின் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணி "சீ, விடு" என்றாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு நாத்தனார் அறுபது கிலோமீட்டர் ஒத்திகைக்குப் போனாள். கணக்கு இதுதான்: முழுத் தொட்டி அறுபதுக்குத் தாங்க வேண்டும். பதினைந்து கிலோமீட்டருக்குக் கால் தொட்டி.

காலை எட்டு மணிக்கெல்லாம் திரும்ப வேண்டியவள் ஒன்பதரைக்கு வந்தாள். மிதித்து வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தவள், எழுந்து ஓடி ஓரமாக வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீர்.

"முப்பத்தஞ்சுலயே தீந்துடுச்சு அண்ணி. எப்ப தீந்துச்சுன்னே தெரியல. வயித்துக்குள்ள தொட்டிய வெச்சுக்கிட்டு ஓட்டற மாதிரி இருந்துச்சு. அப்புறம் இருபத்தஞ்சு கிலோமீட்டர் சொட்டுத் தண்ணி இல்ல."

அண்ணியின் முகம் செத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கை வைத்த இயந்திரம் யாரையும் இப்படி உட்கார வைத்ததில்லை. "அளந்து குடிக்க வேண்டியதுதானே? முன்னெல்லாம் எப்படி அளந்த?" என்றாள். குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது, தன்மேல் வர வேண்டிய கோபம்.

"முன்னெல்லாம் நான் அளந்ததே இல்லையே" என்றாள் நாத்தனார். "தெரியும், அவ்வளவுதான். இப்ப தெரிய மாட்டேங்குது."

இந்தப் பதில் அண்ணியை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. தெரியும் என்றால் எப்படித் தெரியும்? தொட்டி தண்டுக்குள் ஒளிந்திருக்கிறது. கண்ணாடி இல்லை, கோடு இல்லை. செவ்வாய்க்கிழமை பணி முடிந்து சீருடையோடு வந்த நாத்தனாரைப் பிடித்து, பழைய குழாயையே திரும்ப மாட்டி, சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி அவளையும் ஏற்றினாள். அண்ணன் சமையலறையில், யாருக்கும் தெரியாமல், அளவு ஜாடியால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு ஊற்றிக் கொண்டுவந்தார்.

"கண்ண மூடு. மிதி. ஒரே ஒரு வாய் குடி. எவ்வளவு இருக்கு?"

நாத்தனார் குடித்தாள். "முக்கால்."

அண்ணன் விரலை உயர்த்திக் காட்டினார். சரி.

"இப்ப?"

"பாதிக்குக் கொஞ்சம் கீழ."

சரி.

"இப்ப?"

"ரெண்டு தம்ளர் இருந்தா அதிகம்."

அண்ணன் ஜாடியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மறுபடி விரலை உயர்த்தினார். எட்டுத் தடவை கேட்டார்கள். எட்டும் சரி. ஒன்றிலும் அரைத் தம்ளருக்குமேல் பிசகவில்லை.

"எப்படிடீ சொல்ற?" என்றாள் அண்ணி.

"தெரியல அண்ணி. பஸ்ஸுல ஏறி உக்காந்ததும் இன்னைக்கு பிரேக் எவ்வளவு பிடிக்கும்னு கால் சொல்லிடும்ல, அந்த மாதிரி ஏதோ."

அண்ணி மண்டியிட்டு உட்கார்ந்து குழாயையே பார்த்தாள். வெளியே தெரிந்த துண்டில் விளக்கைப் பிடித்து, இன்னொரு வாய் குடிக்கச் சொன்னாள். அப்போதுதான் பிடிபட்டது. குடித்து முடித்ததும் குழாய்த் தண்ணீர் இறங்கி, தொட்டிக்குள் எந்த மட்டமோ அந்த மட்டத்தில் போய் நிற்கிறது. தொட்டி நிறைந்திருந்தால் உதட்டுக்குக் கிட்ட. குறையக் குறையக் கீழே, இன்னும் கீழே. அடுத்த வாய் குடிக்கும்போது நாக்கில் தண்ணீர் தட்டுவதற்கு ஆகும் நேரம் இருக்கிறதே, அதுதான் அளவு. ஒரு வருஷத்துக்கும் மேலாக நாத்தனாரின் நாக்கு, அவளுக்கே தெரியாமல், அந்தக் கண நேரத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. நெஞ்சு தடதடக்க, தொடை எரிய, எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டே எண்ணியிருக்கிறது.

அந்த எண்ணிக்கையின் கழுத்தைத்தான் இவள் ஒருவழி வால்வை வைத்து நெரித்திருக்கிறாள். எப்போதும் உடனே வரும் தண்ணீர் எதைச் சொல்லும்? நிறைந்திருந்தாலும் ஒரே பதில், காலியாகப் போகிறது என்றாலும் ஒரே பதில். இந்தத் தப்பை வேறு எந்த மெக்கானிக்கும் செய்திருக்க மாட்டான். வேறு யாருக்கும் அவ்வளவு சுத்தமாகச் சத்தத்தைக் கொல்லத் தெரியாது.

அண்ணிக்கு அழுகை வரவில்லை. வந்தது வியப்பு. போனில் சத்தம் கேட்டு வாஷரைச் சொல்கிறவள் என்று ஊரே தன்னைப் புகழ்கிறது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆனால் தான் கேட்பது வேலை நேரத்தில், நிதானமாக, காதில் போனை வைத்துக்கொண்டு. இவள் கேட்டிருப்பதோ உயிர் போகிற ஓட்டத்தில். தன் வீட்டுக் கூடத்தில், வியர்வை நாறும் சீருடையில், வாயில் குழாயோடு உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண் தன்னைவிடப் பெரிய கெட்டிக்காரி என்று அண்ணிக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லியும்விட்டாள். "நீ சாதாரண ஆளில்லடீ."

"ஐயே, போங்க அண்ணி" என்று நாத்தனார் வெட்கப்பட்டாள். அவள் வெட்கப்பட்டதை அண்ணன்கூட அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

இனி என்ன செய்வது? வால்வை எடுத்துவிட்டால் ஏற்றத்தில் பழையபடி காற்றை உறிஞ்சிச் சாக வேண்டும். வைத்தால் அளவு தெரியாது. இரண்டும் வேண்டும். புதன்கிழமை ஒரு பல் டாக்டரின் நாற்காலிக்கடியில் படுத்திருந்தபோது அண்ணிக்கு விடை வந்தது. வந்ததும் அவளுக்கே குமட்டியது. வால்வு ஒழுக வேண்டும். கொஞ்சமாக, மெதுவாக, ஒரே சீராக. ஏற்றத்தில் அடிக்கடி குடிப்பவளுக்குத் தண்ணீர் இறங்க நேரம் இராது, குழாய் நிறைந்தே இருக்கும். சமதரையில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குடிப்பவளுக்கு, அதற்குள் தண்ணீர் தன் மட்டத்துக்கு இறங்கியிருக்கும், முதல் இழுப்பே அளவைச் சொல்லிவிடும்.

ஒழுகாத வால்வு செய்து பெயர் வாங்கியவள் ஒழுகும் வால்வு செய்ய உட்கார்ந்தாள். டாக்டர்களிடமிருந்து பிரிக்காத மெல்லிய ஊசிகளைக் கேட்டு வாங்கிவந்தாள். எதற்கு என்று கேட்டவரிடம், "சொன்னா சிரிப்பீங்க" என்றாள். ஊசியால் குத்திய துளை தானாகவே மூடிக்கொண்டது. ரப்பரின் குணம் அது. ஊசியைச் சுடவைத்துக் குத்தினால் பெரிதாகிவிட்டது, மூன்று வினாடியில் தண்ணீர் கீழே. அடுத்தது நாலு நிமிஷம். அடுத்தது ஒரு நாள் ஒழுகி மறுநாள் அடைத்துக்கொண்டது. அண்ணன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"உன் வாழ்க்கையிலேயே முதல் தடவையா வேணும்னே ஒரு வேலைய தப்பா செய்யற" என்றார். "சரியா வர மாட்டேங்குது பாரு."

"தப்ப சரியா செய்யறதுதாங்க கஷ்டம்" என்றாள் அண்ணி. ஏழாவது வால்வு ஒரு நிமிஷம் இருபது வினாடியில் தண்ணீரை இறக்கியது. பத்துத் தடவை பார்த்தார்கள், பத்துத் தடவையும் அதே. நாத்தனார் அறுபது கிலோமீட்டர் போய், அறுபதாவது கிலோமீட்டரில் கடைசி வாய் குடித்துவிட்டுத் திரும்பினாள். வாசலில் நின்று மணியை அடித்து அடித்துத் தெருவை எழுப்பிவிட்டாள்.

போட்டி நாளன்று நீச்சலை முடித்து அவள் கரையேறியதைப் பார்த்துவிட்டு, அண்ணனும் அண்ணியும் நேராக எழுபதாவது கிலோமீட்டர் ஏற்றத்துக்குப் போய் நின்றார்கள். வேறெங்கும் நிற்க அண்ணிக்குக் கால் வரவில்லை. மருத்துவர்களின் கூடாரம் அதே இடத்தில் இருந்தது, மடக்கு நாற்காலிகளும் இருந்தன. அண்ணி அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பத்து இருபதுக்கு வர வேண்டும் என்று அண்ணன் குறித்து வைத்திருந்தார். பத்து இருபது ஆயிற்று. பத்து இருபத்தைந்தும் ஆயிற்று. யார் யாரோ வந்தார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிப் போனார்கள். "வெயில் ஜாஸ்தி. எல்லாருக்குமே லேட்டுதான்" என்றார் அண்ணன். அண்ணி வளைவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பத்து முப்பத்தொன்றுக்கு வளைவில் நாத்தனாரின் மஞ்சள் தொப்பி தெரிந்தது. தலை குனிந்திருந்தது. வாயில் குழாய் இருந்தது. கிட்ட வரவர அண்ணி பார்த்தாள்: கன்னம் இரண்டும் பலூனாகப் புடைத்திருந்தன. அவள் குடிக்கவில்லை, ஊதிக்கொண்டிருந்தாள். கண் பிதுங்க, முகம் சிவக்க, குழாய்க்குள் ஊதிக்கொண்டிருந்தாள்.

வாயிலிருந்து எதுவும் குழாய்க்குத் திரும்பக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக அண்ணி கண்ட முதல் சட்டம் அது. சுயபுத்தியோடு இருக்கும் யாரும் குழாய்க்குள் ஊத மாட்டார்கள். போன வருஷம் இதே இடத்தில் எந்த ஸ்டாப்பு என்று கேட்டவள்தானே? மறுபடியும் தடுமாறிவிட்டாளா? "என்னங்க, அவளுக்கு என்னவோ ஆயிடுச்சு. கூப்பிடுங்க, கூப்பிடுங்க!" என்று கணவரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நூலகர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொண்டை கிழியக் கத்தினார். கூடாரத்திலிருந்த ஒரு பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

நாத்தனார் திரும்பிப் பார்க்கவில்லை. ஊதுவதை நிறுத்தினாள். நிமிராமல் ஒரு இழுப்பு இழுத்தாள். அப்புறம் அந்த ஏற்றத்தை ஒரே சீராக மிதித்து ஏறி, மறுபக்கம் இறங்கி மறைந்தாள்.

போட்டியாளர்கள் சைக்கிளை விட்டுவிட்டு ஓட்டத்துக்குக் கிளம்பும் மைதானத்துக்கு இவர்கள் காரில் சுற்று வழியாகப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் அண்ணி ஏழு வால்வுகளையும் மனசுக்குள் திரும்பத் திரும்பக் குத்திப் பார்த்தாள். என்ன தப்பு செய்தோம், இந்தத் தடவை என்ன தப்பு? வேலியோரம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். வரிசை வரிசையாகச் சைக்கிள்கள் தொங்கின. நாத்தனாரின் சைக்கிளும் தொங்கியது. ஆளைக் காணோம்.

"அதோ" என்றார் அண்ணன்.

மைதானத்தின் வெளிவாசலில் மஞ்சள் தொப்பி ஓடிக்கொண்டிருந்தது. கால் இரண்டும் தனக்குச் சொந்தமில்லாதவைபோல் கொஞ்சம் கோணலாக, ஆனால் விடாமல் ஓடியது. போன வருஷம் அவளால் தொடவே முடியாமல் போன ஓட்டம். அண்ணி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதாள். பக்கத்தில் நின்றவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இரண்டு மணி நாற்பது நிமிஷம் கழித்து நாத்தனார் கடைசிக் கோட்டைத் தாண்டினாள். பின்னால் இன்னும் முப்பது நாற்பது பேர்தான் பாக்கி. பதக்கத்தை யாரோ கழுத்தில் போட்டார்கள். அவள் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. புல்லில் பொத்தென்று மல்லாந்தாள். அண்ணி ஓடிப் போய்த் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஏண்டீ ஊதின?" அதுதான் முதல் கேள்வி. நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

நாத்தனார் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். குரல் கம்மியிருந்தது. "அம்பதுல தொட்டிய நிரப்பிக்கிட்டேன். போட்டிக்காரங்க குடுத்த பானம் கெட்டியா, கரையாம, மண்ணு மாதிரி கிடந்துச்சு. அறுபத்தஞ்சுல உறிஞ்சறேன், உடனே வருது. அஞ்சு நிமிஷம் விட்டுட்டு உறிஞ்சறேன், அப்பவும் உடனே வருது. பதினஞ்சு கிலோமீட்டர் குடிச்சிருக்கேன், தொட்டி நெறஞ்சே இருக்குன்னா எப்படி நம்பறது? உங்க ஓட்டை அடைச்சுக்கிச்சுன்னு புரிஞ்சுது. வேகத்தக் கொறச்சேன். ஊதினேன். நாலு ஊது ஊதினதும் வழி விட்டுடுச்சு. அப்புறம் ஒழுங்கா சொல்ல ஆரம்பிச்சுது."

அண்ணி கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடைத்த துளைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்தம். எவ்வளவு எளிது. தான் நூறு வருஷம் உட்கார்ந்து யோசித்தாலும் அது வந்திருக்காது. ஊதக் கூடாது என்பது தன் எலும்பில் ஊறிப்போயிருக்கிறது. இவளுக்கு அப்படி எதுவும் ஊறவில்லை. நடுரோட்டில் நின்றுபோன பஸ்ஸை எப்படியாவது நகர்த்துகிறவளுக்கு எது கூடும், எது கூடாது?

ஒரு வருஷமாகக் கிடந்த முள் அப்போது தானாக மேலே வந்தது. "போன வருஷம் நீ பாருன்னு கேட்ட. நான் பாக்கல" என்றாள் அண்ணி. "பாத்திருந்தா நீ விழுந்திருக்க மாட்ட. உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன், வாய் வரல."

நாத்தனார் இப்போதுதான் கண்ணைத் திறந்தாள். மடியில் படுத்தபடியே அண்ணியின் முகத்தைத் தலைகீழாகப் பார்த்தாள்.

"போன வருஷம் பாத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ஒத்திகை இல்லாம, கடைசி நேரத்துல, சத்தமே இல்லாம சூப்பரா பண்ணிக் குடுத்திருப்பீங்க. நானும் மொத்தத்தையும் குடிச்சுட்டு முப்பத்தஞ்சுலயே வாந்தி எடுத்துட்டு உக்காந்திருப்பேன். எழுபது வரைக்கும்கூட போயிருக்க மாட்டேன்."

அண்ணி சிரித்தாள். சிரிப்பு அடங்காமல், அழுகையோடு கலந்து, மைதானம் முழுக்கக் கேட்கும்படி வெடித்தது. நூலகர் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். இருபது வருஷக் குடித்தனத்தில் தன் மனைவி இவ்வளவு சத்தம் போட்டு அவர் கேட்டதே இல்லை.